பாடையில் ஒரு முற்பகல்

உயிரோடிருப்பவன் பிணமாகப் படுத்துக்கிடப்பதில் மூக்குதான் பெரிய தொந்தரவு. இரண்டு துளையிலும் பஞ்சை அடைத்துவிட்டு, வாயையும் நாடிக்கட்டுப் போட்டு மூடிவிட்டு, மார்பு அசையக் கூடாது என்றால் துரைக்கண்ணு என்னதான் செய்வார். பஞ்சின் இழை ஒன்று உள்ளே போய்க் குறுகுறுத்தது. தும்மினால் நெற்றிக் காசு விழும். காசு விழுந்தால் ஒப்பனைக்காரர் பாப்பையா வந்து மறுபடி பசை தடவுவார். அவர் போன பிறகு ஒளிப்பதிவாளர் மறுபடி வெளிச்சம் பார்ப்பார். கால் மணி நேரம் தள்ளிப்போகும். தள்ளிப்போகட்டுமே, தும்மிவிடலாமா என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் தும்மல் போய்விட்டது. வேண்டுமென்று கூப்பிட்டால் எதுவும் வருவதில்லை இந்த உடம்பில். மேலே பரணில் நிற்கும் ஆட்கள் விளக்குகளைத் திருப்பத் திருப்ப, மூடிய இமைக்குள் சிவப்பு வந்தது, கறுத்தது, மறுபடி வந்தது. பச்சை மூங்கில் முதுகை உறுத்தியது. பாடை நிஜப் பாடைதான், கலை இலாகாக்காரன் சுடுகாட்டுக்குக் கட்டிக்கொடுக்கிறவனையே கூட்டிவந்து கட்டச் சொல்லியிருந்தான். கதைப்படி இவர் ஒரு குடும்பஸ்தர். தான் செத்தால் பெண்டாட்டி எப்படி அழுவாள் என்று பார்க்க ஆசைப்பட்டுச் செத்ததுபோல் படுத்துவிடுகிறார். தூக்கப்போகும் நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், கூட்டம் அலறிச் சிதற வேண்டும். எழுவதென்றால் எல்லாரும் எழுவதுபோல் இல்லை. கையூன்றாமல், முட்டி மடங்குவது தெரியாமல், கிடந்த பலகையை யாரோ நிமிர்த்தி நிறுத்தியதுபோல் ஒரே வீச்சில். அதற்காகத்தான் இருபத்து மூன்று வருஷமாகச் சுவரொட்டிகளில் அவருக்குப் பலகை துரைக்கண்ணு என்று பெயர். கம்பி இல்லை, கயிறு இல்லை என்று அதன் கீழே சின்ன எழுத்தில் போடுவார்கள். நான்கு மாதமாக அவரால் அப்படி எழ முடியவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

“யோவ்,” என்றது தலைமாட்டில் ஒரு குரல். சௌபாக்கியம். இந்தப் படத்திலும் அவருக்குப் பெண்டாட்டி. பதினான்கு படங்களில் பெண்டாட்டியாக இருந்து, அடித்து, துரத்தி, இப்போது தாலியறுக்க வந்திருக்கிறாள். “பொணம் இவ்ளோ பெருசா மூச்சு உடாதுய்யா. தொப்பை ஏறி எறங்குது.” உதடு பிரியாமல் துரைக்கண்ணு, “உன் அழுகைய நெனச்சேன், வயித்த கலக்குது,” என்றார். “கலக்கும் கலக்கும். ஒனக்கு அழறதுக்கு கிளிசரின் கேட்டா, அரை புட்டிதான் இருக்குன்றான். மீதிக்கு உன் மூஞ்சப் பாத்து அழுதுக்கறேன்னுட்டேன்.” பரணில் நின்ற விளக்காள் ஒருவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தாள். பஞ்சையும் மீறி வெற்றிலை வாசம் வந்தது. “காலைல ஒப்பனை ரூம்புல செருப்பு மாட்டச் சொவத்தப் புடிச்சியே. பாத்தேன்.” பிணம் பேசாது. “முடியலன்னா ஒரு கண்ண லேசா சிமிட்டு. நான் மேல உழுந்து அழுது ஷாட்டக் கெடுத்துடறேன். திட்டுனா என்னத் திட்டட்டும்.” அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இறுக்கியது சிமிட்டியதாகிவிடுமோ என்று உடனே தளர்த்தினார்.

சுவரைப் பிடித்ததைப் பார்த்துவிட்டாளா. அவள் பார்த்தால் வேறு யார் பார்த்தார்கள். வீட்டில் நிஜப் பெண்டாட்டி அஞ்சுகம் பார்த்திருக்கிறாள், ஆனால் அவள் கேட்க மாட்டாள். தைலத்தை மட்டும் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். விடியற்காலை மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்து, குதிகாலை ஊன்றி, வயிற்றை எக்கி, மூச்சை அடக்கி, இப்போது, இப்போது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும், இடுப்பின் இடப்பக்கத்தில் ஒரு ஆணி இறங்குவதும், பாதியில் அப்படியே பின்னுக்குச் சரிவதும். பாதி வரை வருகிறது. பாதிதான் மோசம். எழ முடியாதவன் கிடக்கலாம், எழுந்தவன் நிற்கலாம், பாதியில் நிற்கிறவனுக்கு எங்கே இடம். நேற்றுக்கூட பாதி வந்தது. இயக்குநர் நஞ்சப்பன் வீடு தேடி வந்து, “ஏனுங்கண்ணே, அந்தப் பலகை வேலை இன்னும் வருமுங்களா?” என்று கேட்டபோது, “உசுரு இருக்கறவரைக்கும் வரும்” என்று சொன்னது எந்த வாய். இதே வாய்தான், இப்போது துணியால் கட்டிவைத்திருக்கிறார்களே இதே வாய். சொன்னபோது பொய் என்று தோன்றவில்லை. வரும் என்றே தோன்றியது. சரியான நாளில், சரியான வெளிச்சத்தில், யாராவது பார்க்கிறார்கள் என்றால் வந்துவிடும் என்று. ஆள் பார்க்காமல் மாடியில் வரவில்லை, அதனாலென்ன, அவன் காட்டியதும் ஆள் பார்க்கத்தானே.

அவன். திரையில் பார்த்த அந்த வெள்ளைக்காரன். பெயர் தெரியாத அவனை நினைக்காமல் துரைக்கண்ணு ஒருநாளும் தரையில் படுத்ததில்லை. பெரியமேட்டுத் தோல் மண்டியில் உப்புப்போட்ட தோலைச் சுமந்துகொண்டிருந்த பதினாறு வயதில், பக்கத்துத் திடலில் கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டினார்கள். தோல் பதனிடும் ஆவாரம்பட்டை நாற்றத்தோடு போய்த் தரையில் உட்காருவார். யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், நல்லதாகப் போயிற்று, கால் நீட்டிக்கொள்ளலாம். படம் காட்டுகிற யேசடியான் கையால் சுற்றும் மிஷின் வைத்திருந்தான். பெரிய படம் முடிந்து ஜனங்கள் எழுந்து போகும்போது, போகிறவர்கள் சிரிப்போடு போகட்டும் என்று கிழிந்துபோன ஒரு துண்டை ஓட்டுவான். ஒரு நிமிஷம்கூட வராது. ஒரு செங்கல் சுவர், ஒரு விளக்குக் கம்பம், ஓரத்தில் ஒரு நாய். சுவரோரம், கிண்ணம் கவிழ்த்ததுபோல் குண்டுத் தொப்பி போட்டவன் ஒருவன் மல்லாந்து கிடப்பான். திடீரென்று கையை ஊன்றாமல், உடம்பு வளையாமல், அப்படியே எழுந்து நிற்பான். எழுந்து நின்று, ஒன்றும் நடக்காததுபோல் ஒரு பார்வை பார்ப்பான். அவ்வளவுதான், துண்டு முடிந்துவிடும். நாய் வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஜனங்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். துரைக்கண்ணு போகமாட்டார். இருபத்தேழு தடவை பார்த்தார். எல்லாரும் விழுந்து சிரிக்கவைத்தார்கள் அந்தக் காலத்தில், வாழைப்பழத் தோலில், ஏணியில், சாக்கடையில். இவன் ஒருத்தன்தான் எழுந்து சிரிக்கவைத்தான். மண்டியில் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபின் அடுக்கிய தோல்மேல் மல்லாந்து படுத்து முயன்றார். முதல் வருஷம் கழுத்துதான் தூக்கியது. இரண்டாவது வருஷம் இடுப்புவரை. குதிகாலுக்கு ஒரு முட்டு வேண்டும் என்று தெரிந்தது, மூச்சை வெளியே விடும்போது எழக் கூடாது, உள்ளே நிறுத்தி எழ வேண்டும் என்று தெரிந்தது, முட்டி மடங்கத்தான் செய்யும், அது தெரியாமலிருக்கத் தொளதொள கால்சட்டை வேண்டும் என்று தெரிந்தது. மூன்று வருஷம் ஏழு மாதம். எழுந்து நின்ற அன்றைக்கு மண்டியில் யாருமில்லை. ஒன்றும் நடக்காததுபோல் ஒரு பார்வை பார்த்தார், தோல்களைப் பார்த்து.

“அண்ணா, இடது கன்னத்தைக் கொஞ்சம் இந்தண்டை திருப்பிக்கோங்கோ.” ஒளிப்பதிவாளர் வரதன். பம்பாயில் படித்துவிட்டு வந்தவர், முப்பது வயது, எதையும் அளந்து பார்க்காமல் செய்யமாட்டார். கன்னத்தைத் திருப்பினார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி உறுத்தியது. இழுத்தால் அவிழ்கிற முடிச்சுதான் போட்டிருக்கிறேன் என்று பாப்பையா சொல்லியிருந்தார், “பயப்படாத நைனா, சும்மா பேருக்குக் கட்டிக்கிறேன்” என்று. பயப்படாதே என்று அவர் ஏன் சொன்னார். பயம் தெரிகிறதா. பிணத்துக்கு மாவு பூசும்போது பயம் தெரியுமா. “என்னப்பா வரதா, ஆச்சுங்களா?” என்று நஞ்சப்பன் கேட்பது கேட்டது. “சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுப்போடோணும். ரெண்டு மணிக்குத் தளத்தை அடுத்த கம்பெனிக்காரன் கேக்கறான்.” “பத்து நிமிஷம் சார்.” பத்து நிமிஷம். கல்கத்தாவில் அந்தப் பழைய படத்தை முழுசாகப் பார்க்கவும் அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தார். ஆனால் பிணமாகக் கிடக்கிறவன் எதை நினைக்கக் கூடாது என்று யார் காவல் காப்பது. பேசும்படம் வந்த புதிது, தமிழ்ப் படம் எடுக்கவும் கல்கத்தாவுக்குப் போவார்கள். மௌனப் படத்திலேயே பலகை என்று பெயரெடுத்துவிட்டவரைக் கையோடு கூட்டிப்போனார்கள். அங்கே ஒலிப்பதிவு செய்தவன் ஒரு கிழட்டு வெள்ளைக்காரன், சீமையில் மௌனப்படக் காலத்திலிருந்தே வேலை பார்த்தவன். இவர் எழுவதைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினான். யாரிடம் கற்றாய் என்று கேட்டான். இவர் நடித்துக் காட்டினார், செங்கல் சுவர், கம்பம், நாய், குண்டுத் தொப்பி. வெள்ளைக்காரனுக்குக் கண் விரிந்தது. இரண்டு நாள் கழித்துத் தகரப் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, வேலை முடிந்தபின் ஓட்டிக்காட்டினான். அதே சுவர், அதே கம்பம். குண்டுத் தொப்பிக்காரன் தெருவில் வருகிறான், யாரோ ஒரு சீமாட்டி அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவன் ஒன்றும் நடக்காததுபோல் ஒரு பார்வை பார்க்கிறான், அப்படியே பலகைபோல் பின்னால் விழுகிறான். விழுகிறான். நாய் வாலை ஆட்டுகிறது. துரைக்கண்ணு மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் விழுந்தான். யேசடியான் துண்டுப் படத்தை நேராக மாட்டச் சோம்பேறித்தனப்பட்டு, மிஷின் பிடியைப் பின்பக்கமாகச் சுற்றி வாலிலிருந்து ஓட்டியிருக்கிறான். தினமும். சுவர் முன்னாலும் பின்னாலும் ஒன்றுதான், கம்பம் ஒன்றுதான், நாய் வாலை எந்தப் பக்கமிருந்து ஆட்டினால் என்ன. வேறு ஒரு ஆள் நடந்து போயிருந்தால், ஒரு காகம் பறந்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்று வருஷம் ஏழு மாதம் உலகத்தில் எந்த மனிதனும் செய்யாத ஒன்றை, எவனோ செய்தான் என்று நம்பிச் செய்து முடித்திருக்கிறார். வெள்ளைக்காரன் தோளில் தட்டி ஏதோ சொன்னான். மொழிபெயர்த்தவர், நீதான் உண்மையில் செய்தவன் என்கிறார் வெள்ளைக்காரத் துரை, அவன் வெறுமனே விழுந்தான் என்றார். சந்தோஷப்பட வேண்டியதுதானே. துரைக்கண்ணுக்குச் சந்தோஷம் வரவில்லை. இருபது வருஷமாக முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தவன் சட்டென்று இல்லாமல் போனதுபோல் இருந்தது. யார் பின்னால் வந்தோம் என்று தெரியாமல் ஒரு தெருவில் நிற்பதுபோல். யாரிடமும் சொல்லவில்லை, அஞ்சுகத்திடம்கூட. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கவைப்பதுதான் தொழில், ஆனாலும்.

அந்தக் குண்டுத் தொப்பிக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று அப்போதே கேட்டார். கிழட்டு வெள்ளைக்காரன் விளக்கை ஏற்றாமல் அந்த இருட்டறையிலேயே சொன்னான். கடலோரத்தில் கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகையில் வாரம் ஒரு படம் எடுப்பார்களாம், மேகம் மறைத்தால் எல்லாரும் சீட்டாடுவார்களாம். தெருப்பிள்ளைகள் அவன் நடையை நடப்பார்களாம். யுத்தத்துக்குப் போன சிப்பாய்கள் லாரியில் அவன் முகத்தை வரைந்துகொண்டு போனார்களாம். யுத்தம் முடிந்து வந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவன் அதேதான் செய்தான், அதே தொப்பி, அதே விழுகை, ஒரு அங்குலம் மாறவில்லை. கொட்டகையை விற்றார்கள். கடைசியில் ஒரு பெரிய படத்தில் கூட்டத்தில் நிற்கிற ஆளாக ஆறாவது வரிசையில் நின்றானாம், இந்த ஒலிப்பதிவுக்காரன் அன்றைக்கு அங்கே இருந்திருக்கிறான். யாரும் சொல்லாமலே, காமிரா ஓடும்போது, அவன் பலகைபோல் பின்னால் விழுந்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஷாட்டைக் கெடுத்தாய் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். பெயர் என்ன என்று துரைக்கண்ணு கேட்டார். நாக்கு நுனியில் இருக்கிறது என்று வெள்ளைக்காரன் நெற்றியைத் தட்டினான். மூன்று மாதம் அங்கே இருந்தார்கள், தினமும் தட்டினான், வரவில்லை. ஏன் விழுந்தான் அன்றைக்கு. அதைத்தான் துரைக்கண்ணு திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறார். யாரும் கேட்காதபோது ஆறாவது வரிசையில் ஒருவன் ஏன் விழ வேண்டும். தன்னால் இன்னும் முடியும் என்று காட்டவா. யாருக்கு. அல்லது நிஜமாகவே மயங்கி விழுந்தானோ, பாவம், அதையும் வித்தை என்று நினைத்தார்களோ.

“ரெடிங்களா அண்ணே? ஒரே தடவைல.” நஞ்சப்பன் குரல் இப்போது பக்கத்தில். கூட்டம் வந்து சுற்றி நிற்கிற காலடி கேட்டது. சங்கு ஊதுகிறவன் ஒருமுறை ஊதிப் பார்த்தான். சௌபாக்கியம் தொண்டையைச் செருமினாள். அவள் இன்னும் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், சிமிட்டுகிறாரா என்று. வரும் என்று சொல்லிக்கொண்டார் துரைக்கண்ணு. சரியான வெளிச்சம், ஆட்கள், எல்லாம் இருக்கிறது. மேஜைமேல் கிடத்தியதுபோல் பாடைக்கடியில் முட்டுக்கட்டை கொடுத்திருந்தார்கள், குதிகாலுக்கு மூங்கில் கணு வாகாக இருந்தது. காமிரா ஓடும் சத்தம். “என் ராசா, என்ன உட்டுட்டுப் போனியே” என்று அவள் எடுத்தாள், என்ன குரல் அது, விளக்காட்களே சும்மா நின்றார்கள். மூச்சை நிறுத்தினார். இப்போது. கழுத்து வந்தது, தோள் வந்தது, காசு நெற்றியோடு வந்தது, முதுகு மூங்கிலை விட்டது, ஆணி இறங்கியது. பாதி. பாதியில் உலகம் நின்றது. கண்ணைத் திறந்துவிட்டார். எதிரே இருபது முகங்கள், வாயைப் பிளந்து, ஓடத் தயாராக, இன்னும் முழுசாக எழவில்லையே, எப்போது ஓடுவது என்று தெரியாமல். அவ்வளவு முகங்களும் அவருக்காகக் காத்திருந்தன. கை தானாகத் துழாவியது, பிடிக்க எதையோ தேடியது. அந்த நொடியில் “ஐயோ என் தெய்வமே!” என்று சௌபாக்கியம் முழு எடையோடு அவர் மார்பில் வந்து விழுந்தாள். பாடை கிரீச்சிட்டது. இரண்டு பேரும் பின்னால் சரிந்தார்கள். “கட்! கட்! ஏனுங்கம்மா, உங்களை யாரு உளுகச் சொன்னது? அவரு எந்திரிக்கறாரு, நீங்க அமுக்கறீங்க!” “உணர்ச்சில உழுந்துட்டேங்க,” என்றாள் அவள். “பதினாலு படமா இந்தாளு பொண்டாட்டி, எனக்கு அழுகை நெசமா வந்துடுச்சி.” எல்லாரும் சிரித்தார்கள். அவள் காதருகில், “அடி பட்டுச்சா?” என்றாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். நன்றி என்பது இவ்வளவு கசக்குமா.

சிரிக்காத ஒருவர் வரதன். காமிராவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தானே, அந்தக் கை துழாவியதை அவர் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார். பாடைப் பக்கத்தில் வந்து குந்தினார். தாழ்ந்த குரலில் பேசினார், அதில் இரக்கம் இல்லாமல் பார்த்துக்கொண்டார், நல்ல பிள்ளை. “அண்ணா, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்கப்படாது. காமிரா மோட்டாரைப் பின்பக்கமா ஓட விட்டுடறேன். நீங்க நின்னுண்டிருக்கேள். அப்படியே சாஞ்சு விழறேள். அடில மெத்தை போட்டுடலாம். திரையிலே எழுந்திருக்கறாப்பலே வரும். ஒருத்தருக்கும் தெரியாது.” துரைக்கண்ணு கூரையைப் பார்த்தார். “மத்தவா ஓடறதை அப்பறமாத் தனியா எடுத்துப்பேன். ஊதுபத்தியை மட்டும் எடுத்துடணும், புகை உள்ளே போறது காட்டிக்கொடுத்துடும்.” நஞ்சப்பனும் வந்து நின்றார். புரிந்துகொண்டுவிட்டார் என்பது அவர் செருமியதில் தெரிந்தது. “வேண்டாம்னாலும் பாதகமில்லீங்கண்ணே. உங்களைப் பொணமாவே வெச்சுப்போட்டு, எந்திரிக்கறதுக்கு சண்டைக்காரப் பையன் எவனையாச்சும் முதுகு காட்டி நிக்கவெச்சுக்கலாமுங்க. உங்க இஷ்டம்.”

என் இஷ்டம். உலகத்தில் ஒருவனும் செய்யாததைச் செய்தவனுக்கு, உலகத்தில் எல்லாரும் செய்கிறதைச் செய்து அதைப்போலக் காட்ட இஷ்டமா என்று கேட்கிறார்கள். கம்பி இல்லை, கயிறு இல்லை என்று போட்டார்களே சின்ன எழுத்தில். மோட்டார் பின்பக்கம் ஓடவில்லை என்று போடவில்லையே. முடியாது என்று எழுந்து போகலாம், கையூன்றித்தான் எழ வேண்டும், இத்தனை பேர் முன்னால். சண்டைக்காரப் பையனிடம் விடலாம். அவன் இருபது வயதில் நிஜமாகவே எழுந்துவிட்டால். எழுந்துவிடுவான், இந்தக் காலத்துப் பிள்ளைகள் உடம்பு அப்படி. அதைவிட விழுவது மேல் என்று தோன்றியது. தோன்றியதே, அதற்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் வெட்கமும் அலுத்தது. “அவனும் விழத்தாம்பா செஞ்சான்,” என்றார். “யாருண்ணா?” என்று வரதன் கேட்டார். “யாரோ. மெத்தையப் போடச் சொல்லு.”

எல்லாரும் மெத்தை எடுக்கத் திரும்பிய நேரத்தில், யாரும் பார்க்காமல் மூங்கிலைப் பிடித்துப் புரண்டு எழுந்து நின்றார். மெத்தை அவர் கிடந்த இடத்தில் போடப்பட்டு மேலே மூங்கில் நிறத்தில் துணி விரிக்கப்பட்டது. ஊதுபத்தியைக் கொண்டுபோனார்கள். எல்லாம் தலைகீழ், அண்ணா, என்று வரதன் சொன்னார், முதல்லே அந்தப் பார்வை, அப்பறம் விழுகை, விழறதுக்குள்ளே கண் மூடிடணும், கடைசிலே செத்த முகம். முதலில் உயிர், கடைசியில் சாவு. அதில் என்ன தலைகீழ் என்று நினைத்தார். ஐம்பத்துநான்கு வயதுவரை சினிமாவில் அவர் ஒருமுறைகூட விழுந்ததில்லை. பின்னால் ஒன்றுமே இல்லை. காற்றுதான் இருந்தது. முதுகுத்தண்டு முழுவதும் அதை உணர்ந்தது. எழும்போது எங்கே போகிறோம் என்று தெரியும், கண் முன்னால்தான் இருக்கிறது. விழுகிறவன் பார்க்காத இடத்துக்குப் போகிறான். குண்டுத் தொப்பிக்காரன் வாரம் ஒருமுறை போனான் அங்கே, கடலோரத்தில், மேகம் விலகிய நேரத்தில், யுத்தத்துக்கு முன்னும் பின்னும். வெறுமனே விழுந்தான் என்று சொன்னானே ஒலிப்பதிவுக்காரன். வெறுமனேயா. முட்டி மடங்கிவிடத் துடித்தது, கை முன்னால் வரத் துடித்தது, அத்தனை நரம்பும் வேண்டாம் வேண்டாம் என்றது. காமிரா ஓடியது. ஒன்றும் நடக்காததுபோல் ஒரு பார்வை பார்த்தார், எதிரே நின்ற அத்தனை பேரையும். உடம்பை விட்டார்.

“ஆஹா!” என்றார் வரதன், காமிராவுக்குப் பின்னாலிருந்து. யாரும் சிரிக்கவில்லை. விழுந்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை, திரையில் பார்க்கும்போதுதான் சிரிப்பார்கள். மெத்தை இடுப்பு ஆணியை அப்படியே உள்ளே அடித்து இறக்கியது. முகம் செத்துத்தான் இருந்தது, அதற்கு அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. “அற்புதம்ணே. திரைல ரஷ் போட்டுப் பாத்தா உங்க பழைய எழுகையேதான், மயிரளவு வித்தியாசம் இருக்காதுங்க,” என்றார் நஞ்சப்பன். மயிரளவு வித்தியாசம் இருக்காது. அதுதானே. “பத்திரத்துக்கு இன்னொண்ணு எடுத்துக்கலாமுங்களா? அஞ்சு நிமிஷம் இருக்குது. எந்திரிச்சுக்குங்கண்ணே.”

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எல்லாரும் அவர் எழக் காத்திருந்தார்கள், காமிரா ஓடாதபோதும், அதே முகங்கள். மண்டியிலிருந்து இன்றுவரை துரைக்கண்ணு எங்கே படுத்தாலும் எழும்போது யாரும் உதவிக்கு வந்ததில்லை, அவருக்கு உதவுவது என்று ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. இப்போதும் தோன்றவில்லை. ஒருவர் எழுத்துப் பலகையை வைத்துக்கொண்டு நின்றார், ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சௌபாக்கியம் மட்டும் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். துரைக்கண்ணு நாடிக்கட்டைத் தாடையிலிருந்து கீழே தள்ளினார்.

“சௌபாக்கியம்,” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “கை குடும்மா.”